விளக்கில்லா மிதவைகள்

மழைக்குத் தேதி குறிப்பவள் நான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலைக்கனம் தெரியும். தெரியட்டும். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற ஜோசியரே வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தென்மேற்குப் பருவமழைக்கு நாள் பார்க்கிறவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டா நடப்பாள்?

பெயர் பெல்சிட்டா. குமரி மாவட்டத்துக் கடற்கரையில், மேலத்துறையில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கடல் பொறியியல் படித்தேன். கூடப் படித்த தாணுலிங்கத்தைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். அவனோ பட்டத்தைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, நாஞ்சில் நாட்டில் அப்பா விட்டுப்போன வயலில் இறங்கிவிட்டான். ஆக, பிறந்த வீடு உப்புத் தண்ணீரில், புகுந்த வீடு நல்ல தண்ணீரில். இரண்டுக்கும் நடுவே ஒரு பாறைக்குன்றின் மேல் என் அலுவலகம், பருவமழை நிலையம்.

ஒவ்வொரு வருஷமும் சித்திரை மாதத்தில், மழைத்தேதிக் கமிட்டியில் பேசி முடித்து, விவசாயிகளைக் கூப்பிட்டுத் தேதியைச் சொல்லுவோம். அந்த வருஷமும் சொன்னேன். ஜூன் ஒன்றாம் தேதி. முன்வரிசையில் இருந்த ஈஸ்வரபிள்ளை கையைத் தூக்கினார். போன வருஷம்தான் வெளியூரிலிருந்து வந்து வயல் வாங்கியவர். எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

"எம்மா, ஒரு சந்தேகம். மழை வானத்துல இருந்துல்லா வருது? நீங்க கடலுக்குள்ள குழாயத் தொங்கப் போட்டுக்கிட்டு, மழைய நிறுத்துதோம், விடுதோம்னு சொன்னா எப்பிடி நம்ப?"

"அண்ணாச்சி, அடுப்புல உலை வைக்கிறோம். தண்ணி சூடானாத்தானே ஆவி வரும்? மேற்குக் கடல்ல, மினிக்காய்த் தீவுப் பக்கம், ஏப்ரல் மே மாசத்துல மேல்தண்ணி அப்படிச் சூடாகுது. உலகத்துல ரொம்பச் சூடான கடல்கள்ல அதுவும் ஒண்ணு. அந்தச் சூடுதான் மழைக்காத்தைக் கூப்பிட்டுக் கொண்டு வருது."

"அது காலாகாலமா நடக்கதுதானே?"

"முன்னெல்லாம் ஒரு ஒழுங்கு இருந்துது. இப்ப பூமியே சூடேறிப் போச்சு. உலை நேரங்கெட்ட நேரத்துல பொங்குது. சித்திரையில புயலடிக்குது, ஆனியில புழுதி பறக்குது. உலை பொங்கினா வீட்டுல என்ன செய்வாங்க?"

"ஒரு செம்பு பச்சத்தண்ணி ஊத்துவாவ."

"அதேதான். நாங்க ஊத்துறது கடலோட அடித்தண்ணி. மிதவைக்குக் கீழே நீளமா ஒரு குழாய், மேல ஒரு கதவு. அலை ஏறி இறங்கும்போது அந்தக் கதவு தானா மூடித் திறந்து, அடியில இருக்கிற குளிர்ந்த தண்ணிய மேல இழுத்துக் கொட்டும். கரண்டே வேண்டாம். மழை வேணுங்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால நான் இங்கிருந்து ஒரு பொத்தானை அமுக்குவேன். கதவெல்லாம் திறந்தபடியே நின்னுரும். குளிர்த்தண்ணி நின்னா கடல் சூடாகும். சூடானா மழை."

ஈஸ்வரபிள்ளை பக்கத்தில் இருந்த என் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "தாணு, உம்ம பெண்டாட்டி சொல்லுகத நம்பி நாத்து பாவலாமா?"

தாணு சிரித்தான். "நான் அவள நம்பி வாழ்க்கையையே பாவியிருக்கேன்."

மண்டபமே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. "பாவுங்க அண்ணாச்சி, என் பொறுப்பு" என்றேன். நாஞ்சில் நாடு முழுக்க, முதல் போகமான கன்னிப்பூவுக்கு நாற்றங்கால்கள் என் வாய்வார்த்தையின் மேல் பச்சை பிடித்தன.

மே நடுவில் பொத்தானை அமுக்கினேன். கடைசியில் திறக்கிற கரையோர வரிசையைத் தவிர, மற்ற ஆயிரக்கணக்கான மிதவைகளும் கதவு திறந்து நின்றதாகப் பதில் அனுப்பின. கூடவே அவற்றின் விளக்குகளும் அணைந்தன. வேலையில்லாத மிதவைக்கு விளக்கு எதற்கு, பேட்டரி மிச்சமாகட்டும் என்று அந்த வருஷம் சென்னைத் தலைமையகம் போட்ட புது உத்தரவு. நானும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கடல் சூடாகவில்லை.

சூடாகவே இல்லை என்று சொல்லக் கூடாது. வடக்கே ஏறியது. ஆனால் எங்கே ஏற வேண்டுமோ அரபிக்கடலின் அந்தத் தென்கிழக்கு மூலையில், செயற்கைக்கோள் படத்தில், அம்மை போட்ட முகம் மாதிரி திட்டுத் திட்டாகக் குளிர்ச்சி. இயந்திரக் கோளாறா என்று சோதித்தோம். கோளாறு இல்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. பேச்சிப்பாறை அணையில் சேறு தெரிந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

ஒரு மத்தியானம் தாணு வயலிலிருந்து வந்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி நாற்றை வைத்தான். நுனியெல்லாம் மஞ்சள்.

"என்ன இது?"

"உன் தேதி" என்றான். பிறகு அவனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலை இறக்கிக்கொண்டான். "பெல்சி, கிணத்துத் தண்ணிய வச்சு இந்த மாசக் கடைசி வரைக்கும் சமாளிக்கலாம். அதுக்கு மேல நாத்து தாங்காது. எனக்கு மட்டும்னா பரவாயில்ல. ஊரு முழுக்க உன் சொல்லக் கேட்டுல்லா பாவியிருக்கு. ரோட்டுல நடக்க முடியல பிள்ளே."

தட்டைத் தள்ளி வைத்தேன். வெட்கம் பாதி, ஆத்திரம் பாதி. மறுநாள் விடியும் முன்பே நிலையத்தின் ரோந்துப் படகில் ஏறிவிட்டேன். படத்தை எத்தனை நேரம்தான் முறைத்துக்கொண்டிருப்பது? கடலில் போய்த்தான் கேட்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நட்ட நடுக்கடலில் ஒரு திருவிழாக் கூட்டம். எங்கள் கரையின் விசைப்படகுகள் அத்தனையும் அங்கேதான் கிடந்தன. மிதவைக்கு ஒரு படகு, சில மிதவைக்கு இரண்டு. எல்லாவற்றிலும் கயிறு. கிட்டத்தில் கிடந்த படகின் பெயரைப் பார்த்தேன். 'கடல் மாதா'. என் தம்பி கிளீட்டஸின் படகு.

"எக்கா!" என்று கையை ஆட்டினான், ஏதோ ஞானஸ்நான விருந்துக்கு வந்தவளை வரவேற்பது மாதிரி. "வா வா, கேரைமீன் குழம்பு கொதிக்குது. சாப்பிடுதியா?"

"குழம்பா? லே, என்னலே பண்ணி வச்சிருக்க?"

குனிந்து மிதவையைப் பார்த்தேன். திறந்து நிற்க வேண்டிய கதவை, லாரி டியூப்பை நறுக்கிய ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அலை ஏறி இறங்க, கதவு பழையபடி மூடித் திறந்தது. சில்லென்ற தண்ணீர் குபுகுபுவென்று மேலே கொட்டிக்கொண்டிருந்தது. ரப்பரை வைத்து அவ்வளவு அழகாக வேலை பார்த்திருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"இது சர்க்கார் சொத்து. தெரியுமால்லியா?"

"சர்க்கார் சொத்தா? அப்ப விளக்கு எங்க?" என்றான் கிளீட்டஸ். "நாங்க வரும்போது இருட்டுக்குள்ள கிடந்துது. கயிறு போட்டேன். இப்ப என்னுது. நம்ம துறையில என்ன முறைன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவன் சொன்னது நிஜம். கடலில் போட்ட வலையானாலும் மிதவையானாலும், சொந்தக்காரன் இருந்தால் அதில் விளக்கு எரிய வேண்டும். விளக்கில்லாமல் கிடப்பது கைவிட்ட பொருள். முதலில் கயிறு போட்டவனுக்கு அது சொந்தம். எங்கள் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். சென்னையில் உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நானோ பேட்டரிக் கணக்கில் மயங்கிவிட்டேன்.

"சரி, கயிறு போட்ட. கதவ எதுக்குக் கட்டின?"

"நீதானே சொன்ன? அடித்தண்ணியில சத்து இருக்கு, அது மேல வந்தா பாசி வரும், பாசிக்குப் பொடிமீனு வரும், பொடிமீனுக்குப் பெருமீனு வரும்னு? வந்துருக்கு பாரு!" மீன் அறையின் மூடியைத் தூக்கிக் காட்டினான். பளபளவென்று நிறைந்து கிடந்தது. "ஜூன் பிறந்தா தடைக்காலம். ரெண்டு மாசம் கையக் கட்டிக்கிட்டு இருக்கணும். கடைசித் தங்கல் பயணத்துல நாலு மீன் பிடிக்காண்டாமா?"

"அங்க உங்க அத்தானுக்கு நாத்து காயுதுலே! நாஞ்சில் நாடே காயுது. நீங்க கொட்டுற குளிர்த்தண்ணியாலதான் மழை வராம நிக்கி."

அவன் முகம் மாறியது. இது அவனுக்குத் தெரியாது. மூடியை மெதுவாக இறக்கினான். பிறகு கோபம் வந்தது, அதுவும் நியாயமான கோபம்.

"எங்களுக்கு யாரு சொன்னா? மழைத்தேதிக் கமிட்டியில கல்யாண மண்டபக்காரன் இருக்கான். ரப்பர்த் தோட்டக்காரன் இருக்கான். செங்கச்சூளைக்காரன் இருக்கான். குழாயக் கொண்டு வந்து போட்டது எங்க கடல்ல. கடல்காரன் ஒருத்தன் உண்டா அதுல? நீ உண்டு, ஆனா நீ ஆபீஸர்."

ஆனால் நாற்று காத்திருக்காது. சண்டை போட்டு ஒவ்வொரு படகாக அவிழ்க்க ஒரு வாரம் ஆகும். அவர்கள் முறையாலேயே அவிழ்க்க வேண்டும் என்று தோன்றியது. சாட்டிலைட் போனில் சென்னையைப் பிடித்தேன். இயக்குநர் வசுமதி எடுத்தார். நல்ல மனுஷி, ஆனால் எதற்கும் காரணம் கேட்பார்.

"மேடம், எல்லா மிதவையிலயும் விளக்கைப் போடச் சொல்லுங்க. இப்பவே."

"விளக்கா? எதுக்கு பெல்சிட்டா? பேட்டரி வீணாகும்."

"மழை வேணுமா, பேட்டரி வேணுமா? கரைக்கு வந்து விளக்கமாச் சொல்றேன். இப்ப போடச் சொல்லுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சு பேசவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிளீட்டஸின் தலைக்கு மேலே அந்த மிதவையில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தது. அடுத்த மிதவையில் ஒன்று. அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. படகுகளிலிருந்து எழும்பியது பாருங்கள் வசவு! என் ஏழு தலைமுறையும் அன்றைக்குக் கடலில் குளித்தது. ஆனால் ஒருவன்கூட முறை மீறவில்லை. திட்டிக்கொண்டே கத்தியை எடுத்தார்கள், ரப்பரை அறுத்தார்கள்.

கிளீட்டஸும் அறுத்தான். அறுத்த பட்டையை என் படகுக்குள் எறிந்தான்.

"விளக்குப் போட்டாச்சு. இனி நீதான் சொந்தக்காரி. முறையில பாதிய ஞாபகம் வச்சிருக்க, மீதியும் ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு" என்றேன்.

மீதி இதுதான். விளக்கு யாருடையதோ, அந்த வெளிச்சத்துக்குள் கிடக்கிற படகுகளுக்கு அவர்தான் பொறுப்பு. ஆபத்து வந்தால் தன் வேலையை விட்டுவிட்டு அவர்களைக் கரை சேர்க்க வேண்டும். சும்மா சொல்லி வைத்ததல்ல, இதை மீறியவனுக்கு எங்கள் துறையில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

நான் கரைக்குத் திரும்பினேன். காற்றே இல்லாத வைகாசி வெயிலில், அடக்கி வைத்திருந்த கடல் விறுவிறுவென்று சூடேறியது. நான் நினைத்ததைவிட வேகமாக. மினிக்காய்ப் பக்கம் மேகம் திரண்டு சுழல ஆரம்பித்தது. நிலையத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் படகுகள் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். மீன் நிறைந்த படகுகள் மெதுவாகத்தான் வரும். அவை இன்னும் பாதி வழியில்தான் இருந்தன.

கடைசியாகத் திறக்க வேண்டிய மிதவைகள் கரையோர வரிசை. அவை இன்னும் குளிர்த்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தன. வசுமதி மேடம் போனில் வந்தார்.

"கரையோர வரிசையைத் திறந்துடுங்க பெல்சிட்டா. திறந்தா தேதி தப்பாது."

"திறந்தா புயல்சுழி இந்தப் பக்கம் தாவும் மேடம். நடுவுல படகுங்க இருக்கு. குளிர்த்தண்ணி இருக்கிற வரைக்கும் அது அங்கேயே தயங்கி நிக்கும். எல்லாரும் கரை ஏறட்டும்."

"எவ்வளவு தாமதமாகும்?"

"ரெண்டு மூணு நாள்."

"அங்கே நாற்று கருகுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. லட்சக்கணக்கான பேரோட சோறு." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. இது உங்க தம்பிக்காகவா?"

"ஆமா மேடம், என் தம்பிக்காகவும்தான். அங்க வர்ற ஒவ்வொருத்தனும் யாருக்கோ தம்பி. விளக்கு என்னுது. நான் திறக்க மாட்டேன். வேணும்னா வேற ஆளை வச்சுத் திறந்துக்கோங்க."

அவர் வேறு ஆளை வைக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

தாணுவுக்கு நானே போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மறுமுனையில் பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது.

"மேலவயல் போச்சு, கேட்டியா" என்றான். "கீழவயலுக்குக் குளத்துச் சகதிய வாரி ஊத்திப் பாக்கேன். ஈஸ்வரபிள்ளைட்ட நான் பேசிக்கிடுதேன். கிளீட்டஸ் வந்து சேரட்டும். நாத்து இன்னொருக்க பாவலாம்."

அவன் முன்னால் அழுததே இல்லை நான். போனில் அழுதேன்.

படகுகள் வந்தன. கடைசியாக வந்தது 'கடல் மாதா', இயந்திரம் பழுதான இன்னொரு படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு. துறையில் தலைகளை எண்ணி முடித்துவிட்டு எனக்குச் சொன்னார்கள். நான் கரையோர வரிசையைத் திறந்தேன். அடுத்த நாள் சாயங்காலம் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்து, அலுவலகக் குன்றையே பெயர்த்துவிடுகிற மாதிரி பெய்தது. தேதி தப்பியிருந்தது. மேலவயல்கள் கருகியிருந்தன. பத்திரிகைகள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டின. ஈஸ்வரபிள்ளை மட்டும் நனைந்துகொண்டே வந்து, "மறுபடி பாவிட்டோம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்.

கமிட்டியில் மீனவர்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே பதில். கிளீட்டஸிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "பரிசீலிக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த மே வந்தது. விளக்குகள் அணையவே கூடாது என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன், பேட்டரிக் கணக்கு மறுபடியும் ஜெயித்தது, இந்தத் தடவை கரையோர வரிசைக்கும் சேர்த்து. பொத்தானை அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். தாணு முற்றத்தில் ஊறவைத்த விதைநெல்லைக் கோணியில் கொட்டிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. வசுமதி மேடம்.

"பெல்சிட்டா, மிதவை விளக்கெல்லாம் அணைஞ்சுதா?"

"அணைஞ்சாச்சே மேடம். பதில்கூட வந்துடுச்சு."

"அப்ப ஆய்வு விமானம் அனுப்பின படத்தைப் பாருங்க."

பார்த்தேன். அந்திக் கடல் முழுக்க விளக்குகள். ஒரு மிதவை பாக்கியில்லை. எங்கள் விளக்கு வெள்ளை. இவையெல்லாம் மஞ்சள்.

மேடத்தின் போனை வைத்துவிட்டு கிளீட்டஸைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். காத்திருந்திருப்பான், திருட்டுப்பயல்.

"லே, யாரு விளக்குலே அது?"

"எங்க விளக்கு. அணைஞ்ச மிதவை, கயிறு போட்டோம், விளக்கும் வச்சிட்டோம். இனி ஒரு பய கேள்வி கேக்க முடியாது. எக்கா, அத்தானக் குடு."

"அத்தான் எதுக்கு?"

"நாத்து என்னைக்குப் பாவுதாருன்னு கேக்கணும். அதுக்குத் தக்கனல்லா கதவ அவுக்கணும்."

"மழைக்குத் தேதி குறிக்கது நானாக்கும்!"

"நீ குறிச்சுக்கோ. கயிறு எங்க கையில."

"லே, அவுத்த பொறவு சுழி வந்தா?"

"எல்லா போட்டும் கரை ஏறின பொறவுதான் கரையோர வரிசைய அவுப்போம். விளக்கு எங்களுது, பொறுப்பும் எங்களுது. மறந்துட்டியா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அடக்க மாட்டாமல் சிரிப்புத்தான் வந்தது. போனை நீட்டினேன். தாணு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். "சொல்லுடே மாப்பிள்ளை" என்று வரப்புப் பக்கம் நடந்தான். இவன் ஒரு நாளைச் சொல்ல, அவன் ஒரு நாளைச் சொல்ல, ஈஸ்வரபிள்ளையையும் கேட்க வேண்டும் என்று இவன் இழுக்க, இருவரும் பேரம் பேச ஆரம்பித்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் குனிந்து கோணியின் வாயைக் கட்டினேன்.